சாந்தி வெட்டிய காடி

பொய் சொன்னேன். பயத்தில் அல்ல, கோபத்திலும் அல்ல. பொறாமையில்... நிதானமாக உட்கார்ந்து எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஜார்ஜ் டவுனில், வழக்குகளுக்கு இயந்திரங்களைப் பற்றி நிபுணர் கருத்துச் சொல்லிப் பிழைக்கும் பொறியாளன் நான். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் சாந்தி, இயந்திரத் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் ஒரு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாள். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் பேரிங் காலி. சாந்தி அதன் வளையத்தில் சாய்வாக ஒரு சின்னக் காடி, கோடு போல ஒரு பள்ளம், வெட்டினாள். சுழலும் வேகத்தில் அதுவே தண்ணீரை வெளியே தள்ளியது.

அந்த உரிமையை ரத்து செய்யக் கேட்டு ஒரு பெரிய நிறுவனம் வழக்குப் போட்டது. அவர்களுடைய வக்கீல் என்னிடம் வந்தார். இத்தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா என்று கேட்டார். தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை செல்லாது.

வரைபடத்தைப் பார்த்தேன். அட, இவ்வளவுதானா என்றது மனம். விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்குதான் கஷ்டம், சொல்லுங்கள்? "எளிதில் தோன்றக்கூடியதே" என்று எழுதினேன்.

ஆனால் உங்களிடம் இதையும் சொல்லியாக வேண்டும்... அதே தண்ணீரோடு ஆறு வருடம் முட்டி மோதியவன் நான். ரப்பர் வைத்தேன், இரட்டை மூடி போட்டேன். ஒன்றும் சரிப்படவில்லை. அந்தக் காடி என் புத்தியில் ஒரு நாளும் உதிக்கவில்லை.

வேறு யாராவது முயன்று தோற்றதுண்டா என்றும் வக்கீல் கேட்டிருந்தார். "எனக்குத் தெரிந்து இல்லை" என்று எழுதினேன்.

என் தோல்விதான் அவளுக்குச் சாட்சி. அதை ஏன் மறைத்தேன்? படித்தவன் தோற்ற இடத்தில் பட்டறைக்காரி ஜெயித்தாள் என்பது வெளியே தெரியக்கூடாது என்றா? ஆமாம்... வேறென்ன!

உரிமை ரத்தாயிற்று. இப்போது அந்த நிறுவனமே அதே காடியை வெட்டி விற்கிறது.

போன வாரம் செபராங் ஜெயாவில் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். சாந்தி வந்து எதிரே உட்கார்ந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க லா. நெசமாவே அது யாருக்கும் தோணுற விஷயமா? எனக்கு மட்டும் ஏன் நாலு வருஷம் ஆச்சு? நான் என்ன அவ்ளோ மக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"சிலருக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும்மா" என்றேன்.

 "அப்ப சரிண்ணே. இனிமே புதுசா எதையும் செஞ்சு பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

என்னை நம்பிவிட்டாள்.