தங்கையின் நெஞ்சிலிருந்த நிழல்: செங்காங்கில் ஒரு மழைக்காலம்

டிசம்பர் தொடக்கம். திருச்சியிலிருந்து நாலு மணி நேரப் பறப்பு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளினேன். வெளியே மழை. முகக்கவசமும் தலைத்துணியுமாக நின்றவள் என் தங்கை மாலினிதான் என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. மாத்திரையில் முகம் உருண்டு போயிருந்தது.

"நான்தான்க்கா. பயப்படாத லா," என்றாள், சிங்கப்பூர்ப் பேச்சில்.

அவளுக்குச் செங்காங் வட்டாரத்தில் வீடு, கணினி வேலை. வறட்டு இருமல் என்றுதான் தொடங்கியது. பிறகு காலைகளில் முகமும் கழுத்தும் வீங்கின. படம் எடுத்தபோது மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, அகன்ற நிழல். நிணநீர்ப் புற்றுநோயில் அபூர்வமான வகை; இளம்பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். கட்டி பெரிய ரத்தக்குழாயை அழுத்தியதால் வந்த வீக்கம் அது.

ஆறு சுற்று மருந்து. ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்கள், கையில் செருகிய குழாய் வழியே இரவும் பகலும் இறங்கும். கடைசிச் சுற்றுக்குத்தான் நான் வந்தேன். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வார்டுத் தாழ்வாரத்தில் என்னோடு நடந்தாள். கண்ணாடிக்கு அப்பால் கட்டடங்களின் இடுப்புவரை மேகம் இறங்கியிருந்தது. இருவரும் கப்பலில் எங்கோ போவதுபோல் இருந்தது.

மருந்தால் குறைந்திருந்த ரத்த அணுக்கள் மீண்டும் ஏறிய பிறகு, ஒரு வாரநாள் காலை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து லிட்டில் இந்தியா போனோம். செங்காங்கிலிருந்து ஒரே ரயில், அரை மணி நேரம்கூட இல்லை. சிராங்கூன் சாலை நனைந்து மினுங்கியது. பூக்கடைக்காரர் மாலினியின் தலைத்துணியைப் பார்த்துத் தயங்கினார்.

"தலைக்கு இல்லண்ணே, கைக்கு," என்றாள் அவள். இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய மல்லிகையை அவரே அவளுடைய மணிக்கட்டில் சுற்றிக் கட்டிவிட்டார்.

ஜனவரியில் ஸ்கேன். சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றுவார்கள். நோய் உயிரோடிருக்கும் இடம் படத்தில் ஒளிரும். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கரிய நெஞ்சில், மங்கிய நட்சத்திரம்போல ஏதோ ஒன்று.

"சரியாயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டாள் மாலினி.

"கட்டி நல்லா சுருங்கிடுச்சு. இந்த வெளிச்சம் வெறும் தழும்பா இருக்கலாம், மிச்ச நோயாவும் இருக்கலாம். இந்த வகையில இப்படி வர்றது உண்டு. இன்னிக்கே கதிர் சிகிச்சைன்னு ஓட வேணாம். சில வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

அந்த வாரங்களில் நாங்கள் சமைத்தோம், தூங்கினோம், மழையைப் பார்த்தோம். நான் பயணத்தைத் தள்ளிப்போட்டேன்.

இரண்டாவது படத்தில் அந்த ஒளி அநேகமாக அணைந்திருந்தது. "தழும்புதான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா செக்கப்புக்குத் தவறாம வரணும்." மாலினி தலையாட்டிவிட்டு என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள்.

ஊரில், எங்கள் தெருவில் இந்த நோய்க்குப் பெயர் கிடையாது. குரலைத் தாழ்த்தி 'அது' என்பார்கள். திருச்சியில் இறங்கி ஏறிய டாக்ஸியில் ஓட்டுநர் கேட்டார்: "சிங்கப்பூர்ல யாருங்கம்மா?"

"தங்கச்சி. நெஞ்சுல புற்றுநோய். வைத்தியம் முடிஞ்சு நல்லாருக்கா."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் குரல் தாழவே இல்லை.