அரிப்புக்கு நான் கண்டுபிடித்த காரணம்

எட்டு மாதம் சொறிந்தேன். தோலில் தடிப்பில்லை, கொப்புளமில்லை. என் நகம் கிழித்த கோடுகள்தான். குளித்தாலும் அரித்தது, குளிக்காவிட்டாலும் அரித்தது. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, ஸ்கேலால் முதுகைச் சொறிந்தபடியே எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போடுவேன்.

காரணம் தெரியாத எதற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முதலில் மாட்டுவது வீட்டு வேலைக்கு வருகிறவர்தான். எங்கள் மல்லேஸ்வரம் வீட்டுக்குப் பக்கத்துப் பகுதியான ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு பெண் பாத்திரம் தேய்க்கவும் துணி மடிக்கவும் வந்துகொண்டிருந்தாள். மூன்று வருடப் பழக்கம். ஏதோ சொறி சிரங்கு அவளிடமிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டேன். அதோடு விட்டேனா? "அவங்களுக்கு ஏதோ ஸ்கின் ப்ராப்ளம், பாத்துக்கோங்க" என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வேறு எழுதினேன். அவள் வேலை செய்த மற்ற இரண்டு வீடுகளும் அன்றைக்கே அவளை நிறுத்தின. எனக்கு அரிப்பு நிற்கவில்லை.

பிறகுதான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். பரிசோதனைகள் எல்லாம் முடிந்ததும் அவர் சொன்னார்: "பூச்சியும் இல்ல, தொற்றும் இல்லம்மா. உடம்பக் காக்குற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல சில மாலிக்யூல் விடும். இன்டர்லூகின்னு பேரு. அது நேரா நரம்பத் தொட்டு அரிப்பக் கிளப்பும். உங்களுக்கு அதுதான்னு நெனைக்கிறேன். ஏன் ஆரம்பிச்சதுன்னு சொல்லத் தெரியல. ஆனா யார்கிட்டேருந்தும் வந்ததில்ல."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. அந்தச் சேதியைத் தடுக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சில வாரங்களில் அரிப்பு அடங்கியது. தப்பு என்னுடையது என்று குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஒக்கலிபுரம் போனேன். கதவைத் திறந்தவள் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வளையலை மேலே தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்கக்கா, ஒண்ணும் இல்ல. மல்லேஸ்வரத்துல எந்த வீட்டுல வேலை கேட்டாலும் மொதல்ல கையத்தான் காட்டச் சொல்றாங்க."

உன் மேல் தப்பில்லை, வேலைக்கு வா என்று சொல்லத்தான் வந்திருந்தேன். குனிந்து, நானும் அந்தக் கைகளைப் பார்த்தேன்.