செங்கோட்டையில் வாங்கிய ஹெல்மெட்

மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுவதுதான் பெரிய வித்தை என்று நான் நினைத்திருந்தேன். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகுதான், மெதுவாக ஓட்டுவது அதைவிடப் பெரிய வித்தை என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தென்காசியில் ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். பட்டாளத்து ஏலத்தில் துருவும் ஓட்டையுமாக எடுத்த ஒரு மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்துப் பூட்டி ஓட வைத்திருந்தார். செங்கோட்டைக்கு மேலே மலை எஸ்டேட்டுகளில் இருந்த துரைமார் வண்டியைச் சரி பார்க்க அவரிடம் வருவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் பங்குனி மாதத்தில், அவர்கள் சிற்றாற்றுப் பாறைகளில் வண்டி விட்டு விளையாடுவார்கள். அதற்கு டிரையல் என்று பெயர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், வெளியாளும் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாப்பிடும்போது இவருக்குச் சோற்றில் கவனமே இல்லை.

"ஆரு முன்னால வாரான்னு பாக்க மாட்டாங்க. ரெண்டு கொடிக்கு நடுவுல பாறை மேல ஏறி எறங்கணும். கால் தரையில ஊனக் கூடாது. அவ்வளவுதான்."

"கால் ஊனாம வண்டி எப்படி நிக்கும்?"

"நிக்காதுல்லா. அதுதான் வெளையாட்டு."

அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டார்கள்: "இம்புட்டு ரோடு கெடக்கும்போது பாறையில எதுக்குலே ஏறுத? நீ என்ன ஆடா?"

அத்தை சிரிக்கவில்லை. அவர்களுக்கு இவர் ஒரே பிள்ளை. எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். குற்றாலத்துப் பாறைகள் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று இருக்கும். அதில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தவர்களைத் தூக்கிப் போவதை நான் வந்த முதல் சீசனிலேயே பார்த்திருந்தேன்.

துரைமார் ஒரு கட்டளை வைத்திருந்தார்கள். ஹெல்மெட் இல்லாதவன் வண்டியைத் தொடக் கூடாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அப்படி ஒரு சாமானை நான் கண்ணால் கண்டதில்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். செங்கோட்டையில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

கடைக்காரர் மலையாளம் கலந்து பேசும் வயதானவர். நாலு தொப்பிகளை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். ஒன்று இரும்பு. இவர் கண் உடனே அதன் மேல் போனது. எடுத்து என் கையில் கொடுத்தார். அம்மிக் குழவி மாதிரி கனத்தது.

"அது வெடிகுண்டுக்கு உள்ளதாக்கும்," என்றார் கடைக்காரர். "அதை வச்சு நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தால் கழுத்து போகும்."

அடுத்தது தோல் குல்லா. அழகாக இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. மூன்றாவது துரைமார் வெயிலுக்குப் போடுகிற தக்கைத் தொப்பி. கடைசியில் இருந்ததுதான் ஹெல்மெட். பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி கெட்டியான ஓடு. காதை மூடத் தோல். உள்ளே தக்கை. அந்தத் தக்கையிலும் தலை படாதபடி நாடாவை உறி போலப் பின்னியிருந்தார்கள். தலை அந்த உறிக்குள் தொங்கும், ஓட்டைத் தொடாது. ஒரு மனுஷன் மண்டைக்காக எங்கோ ஒருவர் உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் இன்னோர் அளவும் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். சின்னது இவருடைய சுருட்டை முடிக்கு மேலேயே நின்றுவிட்டது. பெரியது இறங்கி உட்கார்ந்தது.

"இனி ஆட்டிப் பார்க்கணும்," என்றார் கடைக்காரர். "ஆட்டினால் தொப்பி தனியே ஆடக் கூடாது. நெற்றித் தோலும் கூட வரணும். மோளே, நீ பிடி."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு பேர் முன்னால் அவர் பக்கத்தில் நின்றதுகூட இல்லை.

"ஏட்டி, பிடிச்சு ஆட்டு. கடிச்சிர மாட்டேன்," என்றார் இவர்.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். தொப்பியோடு புருவமும் ஏறி இறங்கியது. கடைக்காரர் சிரித்துவிட்டார். "அது மதி, போதும்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிரட்டை மாதிரி இருந்த அதை அவர்களால் நம்ப முடியவில்லை. பண்பொழி மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார்கள். என் பிள்ளை தலைக்கு ஒன்றும் வராமல் இருந்தால் அவன் முடியைத் தருகிறேன் என்று வேண்டுதல். காரியம் முடிந்த பிறகு செலுத்துவதுதான் வழக்கம். ஆனால் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"முதல்லயே குடுத்துட்டா சாமி மறக்காது," என்று சொல்லி, டிரையலுக்கு முந்தின நாள் இவரை மலைக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டை போட்டுக் கூட்டி வந்துவிட்டார்கள். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து நான் சிரித்தேன். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அப்போது ஹெல்மெட் நினைப்பு வரவில்லை.

மறுநாள் ஆற்றுக்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. நானும் அத்தையும் கரையில் மற்ற பெண்களோடு நின்றோம். எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஒவ்வொருவர் தலையையும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இவரிடம் வந்ததும் தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கிச் சுற்றியது.

"அண்ணாச்சி, இது என்ன, பானைக்குள்ள எலுமிச்சம்பழம் மாதிரி உருளுதே. இதோட விட மாட்டேன்."

"நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்துது, அண்ணாச்சி."

"நேத்து முடி இருந்திருக்கும். போயி ஓரமா நில்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் துண்டை மடித்து உள்ளே வைத்தார். தொப்பி உச்சியில் கொக்கு மாதிரி நின்றது. கைக்குட்டையை வைத்தார். அது நழுவி விழுந்தது. இவர் முகம் வாடிப் போனதைப் பார்த்தேன். இந்த ஒரு நாளுக்காக அவர் எத்தனை சாயங்காலம் செங்கல் மேலேயும் மரக்கட்டை மேலேயும் வண்டியை ஏற்றிப் பழகினார் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம், விடாமல் அனுப்பிவிட்டால் தலை தப்பும் என்றும் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் முடி குறைவாக உள்ள பெண்கள் பின்னலில் சவுரி வைத்துப் பின்னுவோம். என் சொந்த முடி எலிவால் மாதிரி இருக்கும். இடுப்பு வரை தொங்கியது சவுரி. அத்தைக்கு அது தெரியாது. விடியும் முன்பே எழுந்து பின்னி முடித்துவிடுவேன். மருமகளுக்கு நல்ல முடி என்று அவர்கள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒரு பாறைக்குப் பின்னால் போய் அதை அவிழ்த்தேன். தண்ணீர்க் குடத்துக்குச் சும்மாடு சுற்றுவது எனக்குப் பழக்கம். அதே மாதிரி தட்டையாக, வட்டமாகச் சுற்றினேன். பிறகு அத்தனை ஆம்பிளைகள் நடுவில் ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். ஹெல்மெட்டை வாங்கி, நாடாவுக்கு உள்பக்கம் சுற்றிவர அமுக்கிக் கொண்டை ஊசியால் நாடாவோடு கோத்து, ஊசி முனையை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டேன்.

இவர் போட்டுக்கொண்டார். கணக்குப்பிள்ளை ஆட்டினார். நெற்றித் தோலும் கூட வந்தது.

"போலாம்," என்றார்.

கரைக்குத் திரும்பியதும் அத்தை என் முதுகைப் பார்த்தார்கள். "ஏட்டி, முடி எங்கட்டி?"

"உங்க மவன் தலையில இருக்கு அத்தை."

அத்தை வாயைத் திறந்தார்கள். அதற்குள் வண்டி ஏறத் தொடங்கிவிட்டது.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே ஓட்டினார். வண்டி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டப், டப், டப் என்று ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. முன் சக்கரம் ஒரு பாறையை முகர்ந்து பார்க்கிற மாதிரி நிற்கும். நின்ற இடத்தில் அவர் இடுப்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் சாயும். விழப்போகிறது என்று நான் மூச்சை அடக்கினால், அது மேலே ஏறியிருக்கும். என்னோடு சோறு தின்று என்னோடு பேசுகிற மனுஷன்தானா இது என்று இருந்தது. துரைமாரும் குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள்.

கடைசிப் பாறையில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருந்தது. பின் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். தலை பாறையில் மோதிய சத்தம் கரை வரைக்கும் கேட்டது. அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

இவர் அசையாமல் கிடந்தார். பிறகு கையை ஊன்றி எழுந்தார். வண்டியை நிமிர்த்தினார். கால் ஊன்றியாகிவிட்டது என்றாலும், திரும்ப ஏறி மிச்ச தூரத்தையும் முடித்தார்.

நாங்கள் ஓடினோம். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தக்கை இரண்டாகப் பிளந்திருந்தது. மொட்டைத் தலையில் முடிச் சுவடு வளையமாகப் பதிந்திருந்ததே தவிர, ஒரு கீறல் இல்லை.

"வலிக்குதாலே?" அத்தை அவர் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"சத்தம் கேட்டுதும்மா. வலி வரல."

நான் அந்த வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தம் உள்ளே போயிருக்கிறது, வலியை மட்டும் இந்தச் சிரட்டை வெளியிலேயே நிறுத்திவிட்டது.

கணக்குப்பிள்ளை வந்து பார்த்தார். "அண்ணாச்சி, ஒரு தடவை அடி வாங்கினதை இனி போடக் கூடாது. அடுத்த வருசத்துக்கு வேற வாங்கிருங்க."

இவர் அத்தை முகத்தைப் பார்த்தார். அடுத்த வருஷம் என்ற பேச்சே இனி எடுக்க முடியாது என்று நானும் நினைத்தேன். அத்தை சவுரியை உருவி எடுத்து, தக்கைத் தூளைத் தட்டி, என்னைத் திருப்பி நிறுத்தி, அத்தனை பேர் முன்னால் பின்ன ஆரம்பித்தார்கள்.

"வாங்கலாம், வாங்கலாம்," என்றார்கள், ஊசியைப் பல்லில் கடித்தபடி. "முதல்ல முடி வளரட்டும்லே. மொட்டைக்கு அளவு பாத்து வாங்கிட்டு, பொறவு அது ஏறாம நிக்கப் போவுது."