முதுகில் வந்த கதகதப்பு

எண்பதுகளில் ஒரு மார்கழி. ஏற்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பினோம். புல்லட்டின் வலப்பக்கம் கூடார மூட்டையையும், அதன்மேல் மண்ணெண்ணெய் கேனையும் நானே இறுக்கிக் கட்டினேன்.

பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த மனைவி, "இந்தக் குளிருக்கு முதுகு கதகதன்னு நல்லாருக்குங்க" என்றாள். எனக்கும் மகிழ்ச்சி.

மலைமேல் மஞ்சக்குட்டை கிராமத்தைத் தாண்டியதும், எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண் அலறினாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க! மூட்டை பொகையுதுங்க!"

நிறுத்தியதும் என் மனைவியை இழுத்து இறக்கிவிட்டு, குடத்தை அப்படியே மூட்டைமேல் கவிழ்த்தாள். சைலன்சரில் உரசிய கூடாரத்துணி உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. பிளாஸ்டிக் கேனின் அடி இளகிப் பிதுங்கியிருந்தது. நான் கேனை அவிழ்த்துச் சாலையோரம் தள்ளி வைத்தேன்.

"தண்ணிதானுங்க, மறுக்கா எடுத்துக்கறேன்" என்று அவள் காலிக் குடத்தோடு வந்த வழியே திரும்பினாள்.

பின்னாலிருந்து மனைவி "நல்லாருக்கு" என்றால், இன்றும் நான் வண்டியை நிறுத்திவிடுகிறேன்.