லாட்ஜ் தண்ணீரும் பிரஸ் மாடியும்

மூன்று பேருக்கும் ஒரே நோய் என்று தெரிந்த அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே நோய் என்றால் ஒரே காரணம் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அப்போது நான் விருதுநகரில் ஒரு லேபில் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தேன்.

தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒருவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மெஷின்மேன். இன்னொருவர் காலண்டர் ஆர்டர் கொடுக்க வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கிய வியாபாரி. மூன்றாமவர், அருகிலுள்ள எம். புதுப்பட்டியைச் சேர்ந்த பட்டாசுத் தொழிலாளி, நாற்பது வயதுப் பெண். மூவருக்கும் கடும் நிமோனியா. சிறுநீரைச் சோதித்ததில் லெஜியோனேர்ஸ் நோய் என்று வந்தது.

அந்தக் கிருமி தண்ணீரில் வளர்வது. அந்தத் தண்ணீர் சாரலாகப் பறந்து, அதை மூச்சோடு இழுத்தால் நுரையீரலைப் பிடிக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகவே மூன்று பேரும் எங்கேயோ ஒரே சாரலை சுவாசித்திருக்க வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. நானும் ஒரு சுகாதார ஆய்வாளரும் தேடக் கிளம்பினோம். அவர் ஓய்வு பெறும் வயதிலிருந்தவர், பொறுமைசாலி.

முதலில் புதுப்பட்டிப் பெண்ணைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டேன்.

"பயராபீஸ் வேலைதான் மேடம்" என்றாள். பட்டாசு ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

பக்கத்தில் நின்ற கணவர், "மருந்துத் தூசிதான் நெஞ்சுல இறங்கிருச்சு. தண்ணிங்கிறீக. தண்ணியில எப்படி இம்புட்டு மூச்சு வாங்கும்?" என்றார். விளக்கினேன். அவர் தலையாட்டியது எனக்காகத்தான் என்று தெரிந்தது.

அடுத்து லாட்ஜ். மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி. தண்ணீர் கொதிக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. கிருமி வளர இதைவிடத் தோதான சூடு கிடையாது. ஷவரிலும் தொட்டியிலும் மாதிரி எடுத்தேன்.

அங்கிருந்து பிரஸ். அதன் மாடியில் கூலிங் டவர் இருந்தது. மெஷினைக் குளிர்விக்கும் தண்ணீர் அதில் ஏறி இறங்கும். மேலே விசிறி சுற்றும்போது சாரல் வெளியே பறக்கும். படியேறும்போதே பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. டவர் பளிச்சென்று இருந்தது.

"நேத்துதான் கழுவுனோம் மேடம்" என்றார் மேஸ்திரி. "ஆபீசர்க வர்றாகன்னு போன் வந்துச்சு. சுத்தமா இருக்கட்டும்னு முதலாளி சொல்லிட்டாரு."

ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தேன். மரியாதைக்கு அவர்தான் போன் செய்திருந்தார். மாதிரி எடுக்கப் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். டவரை ஒட்டிய கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து காலண்டர்களுக்குத் தகரப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கிருமி லேபின் சோதனைத் தட்டில் வளர நாள் பிடிக்கும். காத்திருந்த நாட்களில் மெஷின்மேன் இறந்துபோனார். பிறகு முடிவு வந்தது. லாட்ஜ் தொட்டியில் கிருமி இருந்தது. பிரஸ் டவரில் இல்லை. லாட்ஜை மூடச் சொன்னார்கள். லாட்ஜ் தண்ணீரால் வந்த நோய் என்று ஊரெல்லாம் பேச்சு.

எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. வியாபாரி லாட்ஜில் குளித்தார், சரி. மற்ற இருவர்?

இந்தக் கேள்வியோடுதான் மெஷின்மேனின் மனைவியும் என்னைத் தேடி லேபுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லாட்ஜ் தண்ணியால வந்ததுன்னு சொல்றாக. வீட்டுக்காரருக்கு உள்ளூருல வீடு இருக்கையில லாட்ஜுல என்ன வேலைன்னு என் நாத்தனாரே கேக்கா. நீங்க சொல்லுங்க மேடம். அவரு அங்கன போனாரா, போகலையா?"

தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கத்தான் எனக்குத் தெரியும். "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

மறுநாள் மறுபடியும் புதுப்பட்டிப் பெண்ணிடம் போனேன். ஆக்சிஜனை எடுத்திருந்தார்கள். இந்த முறை வேலையைக் கேட்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எங்கே போனாள் என்று கேட்டேன்.

"பயராபீஸ்தான் பூட்டிட்டாகளே மேடம். திறக்கிற வரைக்கும் காலண்டருக்குத் தகரம் மாட்டப் போனேன். சிவகாசியில, பிரஸ் மாடியில."

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"என்ன வேலைன்னுதான கேட்டீக. அது ஒரு மாசத்துக்குப் போறது. அதைப் போயி வேலைன்னு சொல்லுவாகளா?"

அன்று மதியமே பிரஸ் மாடிக்கு ஏறினேன். மெஷின்மேன்கள் டீ குடிக்க அங்கேதான் வருவார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் லாட்ஜின் பின்புறம். வியாபாரி தங்கிய அறையின் ஜன்னல் நேர் எதிரே திறந்திருந்தது. மூவருக்கும் பொதுவான இடம் இதுதான். ஆனால் இங்கே கிருமி இருந்தது என்று காட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் என்னிடம் இல்லை. அதைப் பிளீச்சிங் பவுடர் கொண்டுபோயிருந்தது. நோயாளிகளின் சளியிலிருந்தும் கிருமியை வளர்த்தெடுக்க முடியவில்லை. அதனால் லாட்ஜ் கிருமியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

லாட்ஜ் மேனேஜரிடம் பதிவேட்டை வாங்கி அந்த மாதப் பக்கங்களைப் புரட்டினேன். மெஷின்மேன் பெயர் இல்லை. ஆய்வாளரும் நானும் அவர் மனைவியைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். கணவருக்கு லாட்ஜுக்குப் போகாமலே, பிரஸ் மாடியில் நின்றதாலேயே இந்த நோய் வந்திருக்கலாம் என்று சொன்னேன்.

"வந்திருக்கலாம்னா?"

"உறுதியாச் சொல்ல முடியலம்மா."

ஆய்வாளர் தரையைப் பார்த்தபடி, "நான் போன் பண்ணாம இருந்திருந்தா உறுதியாச் சொல்லியிருக்கலாம்" என்றார். அந்த அம்மாவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் கேட்டது வேறு.

"அவரு லாட்ஜுக்குப் போகலன்னு எழுதிக் குடுப்பீகளா?"

போகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அதைத்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு நான்காக மடித்தார். "நாத்தனாருக்கு இது போதும்" என்றார்.

புதுப்பட்டிப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள். வியாபாரியும் தேறினார். நான்காவது நோயாளி வரவில்லை. டவரைக் கழுவியதாலா, லாட்ஜை மூடியதாலா, அந்த வாரம் பெய்த மழையாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினேன். பிரஸ் மாடியைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். அதை யாராவது படித்தார்களா என்று தெரியாது. லாட்ஜ் திறந்தபோது மேனேஜர் என்னிடம் கேட்டார், "அப்ப எங்க மேல தப்பு இல்லையா மேடம்?" தொட்டியை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லிவிட்டு வந்தேன்.