முப்பத்தொரு நாள்

தந்தி பாடசாலைக் கந்தோருக்கு வந்தது. மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதிபர் வகுப்பு வாசலில் நின்று, "ரீச்சர், கொஞ்சம் வெளியில வாரும்" என்றார். அம்மா இறந்துவிட்டார், உடனே வரவும். படித்தேன். திரும்பி உள்ளே போய், பாதியில் விட்டிருந்த வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

மலைநாட்டிலிருந்து எங்கள் ஊர் கரம்பொனுக்கு ஒரு ரயில், ஒரு பஸ். பண்ணைப் பாலத்தில் கடல் வற்றிக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றி எதையும் நினைக்கவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரை மலாயா அக்கா என்றே அழைத்தீர்கள். அப்பா ஈப்போவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குவார்ட்டர்சுக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் செய்த சீனக் குடும்பத்தில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தது. இருபது நாள் கழித்து அம்மா போய்க் கேட்டு, அந்தக் குழந்தையைத் தூக்கி வந்தார். அந்தக் குழந்தை நான். ஊருக்குத் தெரிந்த கதைதான். அம்மாவைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

அப்பா பென்ஷன் எடுத்ததும் கப்பலில் வந்தோம். எனக்கு ஐந்து வயது. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. கரம்பொனில் வந்து இறங்கிய அன்று பெண்கள் என்னைச் சுற்றி நின்று சைகையால் பேசினார்கள். ஒருவர் பெருவிரலை வாயருகே கொண்டுபோய், தண்ணீர் வேணுமா என்று தலையை ஆட்டிக் காட்டினார்.

"ஓம், தாங்கோ" என்றேன்.

அவர் கையிலிருந்த செம்பு தளம்பியது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "அவளோடை வாயால கதையுங்கோ" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆரும் என்ன கேட்டாலும் உன்ரை பேரைச் சொல்லு. அது காணும்" என்றார்.

பேர் மட்டும் எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பயம் காட்டினார்கள். சைக்கிளில் சீலை விற்க வரும் சீனன் என்னைக் கண்டால் மூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவான் என்றார்கள். ஒருநாள் அவர் எங்கள் வாசல் படலைக்கே வந்து மணி அடித்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா விறாந்தையில் துணிகளை விரிக்கச் செய்து, அங்கிருந்தபடியே கூப்பிட்டார்.

"பிள்ளை, வெளியில வா. அவர் சீலை விக்க வந்தவர். பிள்ளை வாங்க வரேல்லை."

வந்தேன். அம்மா ஒரு பூப்போட்ட துணியை என் தோளில் வைத்து அளந்தார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். துணியை வெட்டும்போது ஒரு சாண் கூட விட்டு வெட்டினார். அதுவரை விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிய அம்மா, அந்தச் சாணுக்கும் காசு கொடுத்துத்தான் அவரை அனுப்பினார்.

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவின் தமையன் செத்துப்போனார். பங்காளி வீடு என்பதால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது. நல்ல காரியத்துக்கும் போகக்கூடாது. பத்தாம் நாள் அம்மன் கோயில் தேர். அந்தத் தேருக்கென்று எனக்குப் பாவாடை தைத்து வைத்திருந்தது. அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, காலையிலேயே வந்துவிட்டார். அவர் வேறு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்குத் துடக்கு இல்லை.

"பிள்ளையை வெளிக்கிடுத்து. நான் தேருக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"அவளுக்கும் துடக்கு, அக்கா."

"உனக்கென்ன விசரே? அவளுக்கு எங்கத்தையால துடக்கு வரும்?"

"இவருக்கு எங்கத்தையால வந்துதோ, அங்கத்தையாலதான்."

"குழந்தைப்பிள்ளை ஆசைப்படுது. அம்மன் கோவிக்க மாட்டா."

"அம்மன் கோவிப்பாவெண்டு நான் சொல்லேல்லை."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு படலையடியில் இருந்து மேளத்தைக் கேட்டேன். அம்மா தேற்ற வரவில்லை. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அன்று எனக்குச் செய்தது என்ன என்பது விளங்கப் பத்து வருடம் எடுத்தது. அதற்குப் பிறகும் நான் அதைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் வந்து சேரும்வரை அம்மாவின் பிரேதத்தை வைத்திருந்தார்கள். கிரியை முடியும் நேரம் ஒருவர், "உரித்துக்காரப் பெண்டுகள் வாய்க்கரிசிக்கு வாருங்கோ" என்று சத்தமாகச் சொன்னார். நான் குசினிச் சுவரோரம் அயலட்டைப் பெண்களோடு நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் அம்மாதான் பேசுவார். அவர் பேசுவாரென்று கொஞ்ச நேரம் நின்றேன் போலிருக்கிறது. பிறகு நடந்தேன். அரிசித் தட்டோடு நின்ற பெரியம்மா என்னைப் பார்த்தார்.

"மூண்டு தரம் போடு" என்றார்.

போட்டேன். அழுகை வரவில்லை. அன்று வந்திருந்த சிலருக்கு அது குறையாகப் பட்டிருக்கும். எனக்கும் பட்டது.

ஆறாம் நாள் என்னோடு படித்த மனோ படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அடுத்த நாள் கோயிலில் அவளுடைய மகனுக்கு முதற்சோறு தீத்துகிறார்கள்.

"நீரும் வாருமன். வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறீர். உமக்குத் துடக்கில்லைத்தானே."

அன்பாகத்தான் சொன்னாள். பதினைந்து வருடமாக என்னை அறிந்தவள்.

"எனக்கு முப்பத்தொரு நாள், மனோ" என்றேன்.

"ஓம், ஓம், நான் யோசியாமல் கேட்டிட்டன்" என்றாள். உள்ளே கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "துடக்குக் கழிஞ்சாப்பிறகு வந்து குழந்தையைப் பாக்கிறனெண்டு சொல்லிவிடு."

சொல்லிவிட்டேன்.

இதை எழுதும் இன்று பதினேழாம் நாள். அழுகை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். சற்று முன்பு கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடித்தது. அப்பா கதிரையில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அவர் போகவில்லை. நானும் போகவில்லை. அம்மா எனக்காக வாதாடிப் பெற்றவற்றில் நான் வைத்துக்கொள்வது இது: இந்த வீட்டார் போகக்கூடாத இடத்துக்கு நானும் போகக்கூடாது.