ஓர் அடி கூடிப்போன ஆப்பு

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஏரம்பரைப் போலப் பாத்திர ஓட்டை அடைக்க ஆளில்லை என்று சொன்னால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவர் வேலையைப் பார்த்து யாராவது சிரித்தாலோ, அன்றைக்குச் சோறு இறங்காது. நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ரோசம்தான் நல்லம்மாவின் புகையிலையைத் தின்றது.

நல்லம்மா விதவை. தோட்டக் கிணற்றில் அவளுக்குப் பாதிப் பங்கு. மறுபாதிக்காரர் பரமலிங்கம் மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்பி, எண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் ஒன்றைப் பூட்டினார். "உனக்கும் சேர்த்து இறைச்சுத் தாறன்" என்று அவர் சொன்னதை நம்பி, கையால் நீர் இறைக்கும் பழைய துலாவைத் தறித்து விறகாக்க அவளும் சம்மதித்தாள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். புகையிலை முழங்கால் உயரம் நின்றபோது மெசினின் வளைந்த பித்தளைக் குழாயில் ஊசித்துளை விழுந்தது. மாற்றுக் குழாய் கொழும்பிலும் இல்லை. ஏரம்பர் துளையை வட்டமாகக் கடைந்து, அதைவிட மயிரளவு பருத்த பித்தளை ஆப்பைத் தட்டி இறக்கினார். ஆப்பு குழாயின் சுவரை விரிக்கும்; விரிந்த சுவர் திரும்பி ஆப்பைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடிதான் வேலை. ஆனால் தேய்ந்து மெலிந்த சுவர் எவ்வளவுதான் விரியும்?

மெசினை ஓட்டினார்கள். ஆப்பின் ஓரம் லேசாகக் கசிந்தது.

"அடைச்சனீரோ, திறந்து விட்டனீரோ?" என்று பரமலிங்கம் கேட்டார். வேலிக்கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு மூண்டு நாள் பொறுங்கோ" என்றார் ஏரம்பர். "எங்கடை தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்பே உந்தக் கசிவை அடைச்சுப்போடும்."

"ஓம், ஓம். அப்ப உம்மை ஏன் கூப்பிட்டனாங்கள்?"

ஏரம்பருக்கு முகம் சிவந்தது. சுத்தியலை எடுத்து இன்னும் ஓர் அடி போட்டார். கசிவு நின்றது. சிரிப்பும் நின்றது.

மறுநாள் நல்லம்மாவின் முறை. பாதித் தோட்டம் நனையுமுன், ஆப்பு இறங்கிய இடத்திலிருந்து குழாய் நீளத்துக்கும் வெடித்தது.

துலாவும் இல்லை. ஏரம்பர் வாளியால் அள்ளிக் குடங்களில் சுமந்து ஊற்றினார். தோள் உரிந்ததுதான் மிச்சம், புகையிலை கருகியது. நல்லம்மா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு, அளவெட்டியில் தமையன் வீட்டோடு போய் இருக்க ஆயத்தமானாள்.

கழற்றிய குழாயை ஏரம்பர் பிளந்து பார்த்தார். மறுபுறத்தில் இன்னோர் ஊசித்துளை. எப்போதோ விழுந்து, யார் கண்ணிலும் படாமல், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து தானாகவே அடைபட்டிருந்தது. அவர் வாய்விட்டு அழுதார். தெரியாமல் அடித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். தெரிந்துகொண்டே அல்லவா அடித்தார்!

புறப்படும் நாளில் நல்லம்மா ஒரு செம்பைக் கொண்டுவந்தாள். அடியில் ஓட்டை.

"தம்பி, இதை ஒருக்கா அடைச்சுத் தா. கசிஞ்சாலும் பரவாயில்லை. இறுக்கி மட்டும் அடிச்சுப்போடாதை."

குத்திக்காட்டுவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். ஏரம்பர் செம்பை வாங்கிக்கொண்டார். சுத்தியலை எடுக்கக் கை வரவில்லை.